தலைவர் படத்துக்குக் கீழே

குடவாசல் பக்கம் ஒரு காரியம் உருப்படாமல் போக வேண்டுமானால் முதலில் அதற்கு ஒரு கமிட்டி போடுவார்கள். உருப்படாமல் போனது வெளியே தெரியக்கூடாது என்றால் அந்தக் கமிட்டிக்கு ஒரு தலைவரையும் போடுவார்கள். உழவர் உற்பத்தியாளர் கம்பெனிக்கு இரண்டுமே வாய்த்திருந்தது. கமிட்டியில் பதினோரு பேர். தலைவர் பகலவன்.

கம்பெனிக்கு மானியத்தில் இரண்டு அறுவடை மெஷின் வந்திருந்தது. ஈர வயலிலும் புதையாமல் இறங்குகிற பெல்ட் மெஷின். நல்ல மெஷின்தான், ஆனால் அதற்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது: ஆளைப் பார்த்துத்தான் போகும். தலைவர் வயல், தலைவரின் மச்சான் வயல், செயலாளர் வயல் எல்லாம் அறுத்து முடித்து, டிரைவர் வைரக்கண்ணு நிதானமாக டீ குடித்து, ஊர் வம்பையும் பேசித் தீர்த்த பிறகுதான் மூன்று மா, நான்கு மா வைத்திருக்கிறவர்கள் பக்கம் அது திரும்பும்.

எழில்மொழியின் அம்மா கண்ணாத்தாள் குத்தகைக்கு எடுத்துச் செய்வது நான்கு மா. அதாவது ஒரு ஏக்கர், அதற்கு மேல் கொஞ்சம். போன தை மாதம் சம்பா முற்றி நின்றபோது மெஷினுக்காகக் காத்திருந்தாள். மெஷினுக்கு முன்னால் மழை வந்துவிட்டது. கதிரெல்லாம் படுத்து, தண்ணீரில் கிடந்த நெல் கதிரிலேயே முளைத்துவிட்டது. முளைத்த கதிரில் ஒரு பிடி பிடுங்கிக்கொண்டு வந்து வாசலில் போட்ட கண்ணாத்தாள், அதற்கப்புறம் பல நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாயைத் திறந்தால் எட்டு ஊருக்குக் கேட்கிற பொம்பளை. அவள் பேசாமல் இருந்ததுதான் எழில்மொழிக்கு இன்னும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

எழில்மொழி குடவாசலில் ஒரு செல்போன் கடைக்கு மாடியில் உட்கார்ந்து வெப்சைட் செய்துகொடுப்பவள். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, பல் டாக்டர் என்று கையில் நாலைந்து வேலை எப்போதும் இருக்கும். ஊரில் முணுமுணுப்பு அதிகமாகி, இனிமேல் மெஷினை வெப்சைட்டில் புக் செய்கிற வரிசைப்படிதான் அனுப்புவது என்று கம்பெனி முடிவெடுத்து அவளைக் கூப்பிட்டபோது, மற்ற வேலையை எல்லாம் அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

முதல் கூட்டத்தில் அவள் கேட்டது இரண்டே கேள்வி.

"இந்த வெப்சைட் யாருக்கு? எதுக்கு?"

பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவர்களுக்கு.

"எல்லாருக்குந்தான்," என்றார் பகலவன்.

"எல்லாத்துக்குந்தான்," என்றார் செயலாளர் ஹரிஹரசுப்ரமணியன். ரிட்டயர்டு தலைமை ஆசிரியர். நிலம் இங்கே, வாசம் கும்பகோணத்தில். "உலகம் பூரா பாக்கும்மா. என் மாப்பிள்ளை அமெரிக்காவுல இருந்து பாப்பார்."

அமெரிக்காவிலிருந்து யாரும் குடவாசலுக்கு மெஷின் கேட்கப் போவதில்லை என்பதை எழில்மொழி வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். அவளுக்கு விடை தெரியும். வெப்சைட் யாருக்கு என்றால், உச்சி வெயிலில் வரப்பில் நின்றுகொண்டு, ஒரு கையில் சேறும் ஒரு கையில் போனுமாக இருக்கிற ஒரு ஆளுக்கு. எதற்கு என்றால், மெஷின் எப்போது வரும் என்று தெரிந்துகொள்ள. அந்த ஆள் அவள் மனசில் கண்ணாத்தாள் மாதிரியே இருந்தார், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு.

அப்படியே செய்தாள். ஒரே பக்கம். மேலே பெரிய எழுத்தில் 'உங்க வயலுக்கு மெஷின் எப்ப வரும்?' அதற்குக் கீழே எந்த ஊர், எத்தனை மா என்று இரண்டு கட்டம். அதற்கும் கீழே கட்டைவிரலுக்கு அடங்குகிற ஒரு பச்சைப் பட்டன். அமுக்கினால் தேதி வரும். தமிழ் படிக்கத் தடுமாறுகிறவர்கள் கூடப் பட்டனைத் தப்ப விட முடியாது.

கமிட்டி அதை டிவியில் போட்டுப் பார்த்தது.

"மிச்சம் எங்கம்மா?" என்றார் பகலவன்.

"அவ்ளோதாங்க அய்யா."

"ஒரு பிள்ளையார் சுழி கூட இல்லியேம்மா."

பகலவனின் அப்பா கடவுளே இல்லை என்று முச்சந்திக்கு முச்சந்தி பேசியவர். பிள்ளைக்கு ஆசையாகப் பகலவன் என்று பெயர் வைத்தார். பிள்ளை இப்போது பிள்ளையார் சுழி இல்லாமல் பால் கணக்கு கூட எழுதுவதில்லை. சரி, ஒரு சுழிதானே, போட்டுவிட்டுப் போகலாம் என்று எழில்மொழி நினைத்தாள். அங்கேதான் ஏமாந்தாள். சுழி போட்டதும் அது கமிட்டி கண்ணுக்கு வெப்சைட்டாகவே தெரியவில்லை, கல்யாணப் பத்திரிகையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. பத்திரிகை அடிக்கிற விஷயத்தில் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. பெயர் விட்டுப்போன சித்தப்பா தாலி கட்டுகிற நேரத்தில் வாசலோடு திரும்பிப் போவார். வரிசை மாறிய மாமா சம்பந்தி வீட்டில் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார். அந்த அனுபவம் முழுவதையும் கமிட்டி இப்போது வெப்சைட்டில் இறக்கியது.

முதலில் தலைவர் படம், கை கூப்பியபடி. அதற்குக் கீழே 'தங்கள் நல்வரவை நாடும்' என்று ஒரு வரி. பிறகு செயலாளர், அவருக்குப் பின்னால் மற்ற ஒன்பது பேர். தலைவர் படத்தைவிடத் தன் படம் அரை விரல் சின்னதாக இருப்பதைச் செயலாளர் கண்டுபிடித்தார். தலைமை ஆசிரியராக இருந்தவர் கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது. படத்தைப் பெரிசாக்கினால் அவருடைய பெயர் போன் திரையில் ஒரு வரிக்குள் அடங்காமல் 'ஹரிஹரசுப்ர' என்று பாதியில் நின்றது. பெயரைச் சின்னதாக்கலாமா என்றதற்கு, "இந்தப் பேருக்கு ஒரு மரியாதை இருக்கும்மா," என்றார். பொருளாளர் நெய்னா முகம்மது கூத்தாநல்லூரிலிருந்து வருகிறவர், எதிலும் தலையிடாத மனுஷர். அவரும் தயங்கித் தயங்கி ஒரு போட்டோவை நீட்டினார். அவருடைய பேரன்.

"பத்திரிகைல கீழ பசங்க பேரு போடுவோம்ல, எங்க தாத்தா வீட்டு விசேஷத்துக்கு வந்துருங்கன்னு. அது மாதிரி ஓரமா இருக்கட்டும்மா."

ஒரு பேரன் ஏறினால் மற்றப் பத்து வீட்டுப் பேரப்பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? எல்லோரும் ஏறினார்கள். செயலாளர் திருவையாறு ஆராதனைக்கு வருஷம் தவறாமல் போகிறவர் என்பதால், திறந்ததும் நாதஸ்வரம் வாசிக்க வேண்டும் என்றார். வாசித்தது. தலைவரின் வரவேற்புரை ஒன்றும் வந்து சேர்ந்தது. அதில் உழவு பற்றி மூன்று வரியும் தலைவர் பற்றி மீதியும் இருந்தது.

"அய்யா, மெஷின் புக் பண்ற பட்டன்?" என்றாள் எழில்மொழி.

"அது கீழ இருக்கட்டும். பத்திரிகைல மொய், சாப்பாடெல்லாம் மேலயா போடுவாங்க?"

வரிசைச் சண்டை கூட்டத்துக்குக் கூட்டம் நடந்து, ஒருவழியாக எல்லோரும் சம்மதித்த நாளில் ஒரு தீர்மானமும் போட்டார்கள். வெப்சைட்டில் எந்த வரிசையையும் இனிமேல் மாற்றுவதானால் பதினோரு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தர் கை குறைந்தாலும் மாற்றக் கூடாது. செயலாளர் தன் படத்தை இரண்டாம் இடத்திலிருந்து யாரும் இறக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் முன்மொழிந்தது அது. அதே பயம் மற்றப் பத்துப் பேருக்கும் இருந்ததால் ஒருமனதாக நிறைவேறியது.

அன்று வீட்டுக்கு வந்து அந்தப் பத்திரிகையை, இல்லை, வெப்சைட்டை அம்மாவிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள் எழில்மொழி. நாதஸ்வரம் கேட்டுப் போனைத் தூக்கித் தள்ளி வைத்த கண்ணாத்தாள், பிறகு தைரியமாக எடுத்து விரலால் தள்ளினாள். படம், படம், மறுபடி படம். முகம் மாறியது.

"என்னாடி இது, இத்தன பேருமா ஒரே நேரத்துல போயிட்டாங்க? எந்த பஸ்ஸுடி?"

"அம்மா, இது கண்ணீர் அஞ்சலி இல்ல. மெஷின் புக் பண்ற இடம்."

"இதுலயா? எங்க?"

அவள் பட்டன் வரைக்கும் போகவே இல்லை. போனைக் கீழே வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எழில்மொழிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்த வருஷமும் அம்மாவின் நெல் வயலிலேயே முளைக்கப் போகிறது, அதற்கு வாசலில் நாதஸ்வரம் வாசிக்கப் போவதும் தன் கையால்தான் என்று தோன்றியது.

தூக்கம் வராமல் அந்தத் தீர்மானத்தை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தாள். வெப்சைட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. எந்தெந்த வரிசையில் என்று இருந்தது. யாருடைய போனில் என்று மட்டும் இல்லை. யாருக்கு என்று அவள் கேட்டபோது சரியாகப் பதில் சொல்லாதவர்கள்தானே, அதைத் தீர்மானத்திலும் சொல்லவில்லை.

ஆகவே அவள் தீர்மானத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினாள். முதல் தடவை திறக்கும்போது வெப்சைட் போன் நம்பர் கேட்கும். கமிட்டியின் பதினோரு நம்பரில் ஒன்றைப் போட்டால் பிள்ளையார் சுழி, நாதஸ்வரம், கை கூப்பிய தலைவர், பெயர் அடங்காத செயலாளர், பேரப்பிள்ளைகள், வரவேற்புரை, அத்தனைக்கும் அடியில் பட்டன். ஊரில் வேறு எந்த நம்பரைப் போட்டாலும் இரண்டு கட்டமும் ஒரு பச்சைப் பட்டனும்.

பொங்கல் கழித்து மேடை போட்டுத் தொடங்கினார்கள். கைதட்டல் பலமாக இருந்ததால் பகலவன் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டார். "தலைவர் வயலா இருந்தாலும் சரி, இனிமே வெப்சைட்டுல புக் பண்ணாத்தான் மெஷின் வரும். எனக்கே போன் பண்ணாலும் வராது. வைரக்கண்ணு, கேட்டுக்க." வைரக்கண்ணு கேட்டுக்கொண்டான்.

அப்புறம் தலைவருக்குப் பொற்காலம். டீக்கடைக்குப் போனால், "தலைவரே, போட்டோ பாத்தேன், சினிமாக்காரன் மாதிரி இருக்கீங்க," என்றார்கள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தவரும் போட்டோ பார்த்ததாகச் சொன்னார். தஞ்சாவூரில் ஏதோ ஒரு சங்கம் சிறந்த வெப்சைட் என்று கேடயமே கொடுத்தது. தேர்ந்தெடுத்தவர்கள் தலைவரின் போனை வாங்கித்தான் பார்த்தார்களாம். வரப்பில் எதிர்ப்பட்ட கண்ணாத்தாள் கூட, "போட்டோல கொஞ்சம் எளச்ச மாதிரி இருக்கீங்க தலைவரே," என்றாள்.

எழில்மொழிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அன்னிக்குப் பாத்ததோட சரி, உன் போன்ல அந்தப் போட்டோவே வராதேம்மா?"

"அத வேற பாக்கணுமாக்கும். அவரு மூஞ்சி எனக்குத் தெரியாதா? சொன்னா சந்தோசப்படுறாரு, சொல்லிட்டுப் போறது."

கண்ணாத்தாள் தன் நான்கு மாவை இதற்குள் வரப்பில் நின்றே புக் செய்திருந்தாள். ஒற்றைக் கையால்தான். வியாழக்கிழமை என்று வந்தது. கமிட்டியில் மற்றவர்களுக்கு வீட்டில் பிள்ளைகளோ மருமகள்களோ தங்கள் போனில் புக் செய்துவிட்டார்கள். புக் செய்யாமல் இருந்தது ஒரே ஒரு வயல்தான், தலைவருடைய ஒரு வேலி, அதாவது இருபது மா. மேடையில் என்ன பேசினாலும் தலைவர் வயலுக்கு மெஷின் தானாக வரும் என்பதில் பகலவனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இத்தனை வருஷமும் அப்படித்தானே வந்தது.

வங்கக் கடலில் தாழ்வு நிலை, வெள்ளிக்கிழமை டெல்டாவில் கனமழை என்று டிவியில் சொல்ல ஆரம்பித்தது அந்தப் புதன்கிழமைதான். பகலவன் வைரக்கண்ணுவுக்குப் போன் போட்டார்.

"நீங்கதானே தலைவரே மேடைல சொன்னீங்க, நீங்களே போன் பண்ணாலும் வரக்கூடாதுன்னு," என்றான் வைரக்கண்ணு, மிகவும் பணிவாக.

அடுத்த போன் எழில்மொழிக்கு வந்தது. பின்னணியில் நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, மெஷினுக்கு எங்க அமுக்கணும்?"

"கீழ போங்க அய்யா."

"போறேன். என் போட்டோதான் இருக்கு."

"அதுக்கும் கீழ."

தன் படத்தைத் தாண்டிக் கீழே போக வேண்டிய அவசியம் பகலவனுக்கு இதுவரை வந்ததே இல்லை. இப்போது மூச்சு வாங்கப் போனார்.

"ஹரிஹரன் சார் வர்றாரு."

"அவரத் தாண்டுங்க."

"இவரு என்னா எம்மாம் பெருசா இருக்காரு, போகவே மாட்டேங்குறாரு... நெய்னா... இப்ப நெய்னா பேரன் வர்றான்."

"நெருங்கிட்டீங்க அய்யா. இன்னும் பேரப்பிள்ளைங்க இருக்காங்க, அதுக்கப்புறம் வரவேற்புரை."

"இத யாரும்மா இவ்ளோ நீளமா எழுதுனது?"

ஒருவழியாகப் பட்டன் வந்தது. அமுக்கினார். திங்கட்கிழமை என்றது வெப்சைட்.

நாதஸ்வரத்துக்கு நடுவே அவர் குரல் வேறு மாதிரி வந்தது.

"நாளைக்கு மொதல்ல யாரு வயல்மா?"

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "எங்க அம்மாவுதுங்க."

"அப்ப நல்லதாப் போச்சு. உங்க வூட்டு விசயந்தானே. அம்மாவ திங்கக்கிழமைக்குத் தள்ளிட்டு என்னைய நாளைக்குப் போடு. நாலு மா, ஒருமணி நேர வேலை. எப்ப வேணா அறுத்துக்கலாம். என்னுது ஒரு வேலிம்மா."

போன தையிலும் இதையேதான் யாரோ யாரிடமோ சொல்லியிருப்பார்கள். நாலு மாதானே, எப்போது வேண்டுமானாலும் அறுத்துக்கொள்ளலாம். வாசலில் கிடந்த முளைத்த கதிர் அவள் கண்ணில் வந்து நின்றது.

"வரிசைய மாத்தணும்னா தீர்மானம் இருக்குங்க அய்யா. பதினோரு பேரும் கையெழுத்துப் போடணும். ஒருத்தர் குறைஞ்சாலும் மாத்தக் கூடாதுன்னு நீங்கதான் வாசிச்சீங்க."

"அது போட்டோ வரிசைக்கும்மா."

"எந்த வரிசையும்னு இருக்குங்க. ஹரிஹரசுப்ரமணியன் சார்கிட்ட கையெழுத்து வாங்கிக் குடுத்தீங்கன்னா இப்பவே மாத்திடுறேன்."

அரை விரல் படத்துக்காகச் சண்டை போட்டு இரண்டாம் இடத்தில் நின்ற ஹரிஹரசுப்ரமணியன், கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு தலைவருக்காகக் கையெழுத்துப் போடுகிற காட்சியைப் பகலவன் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் பனி காய்ந்ததும் மெஷின் வந்தது. வைரக்கண்ணு டீ குடிக்கக் கூட இறங்கவில்லை. நெல் காய்ந்து, டிராக்டரில் ஏறி, மழைக்கு முன்னால் கொள்முதல் நிலையத்துக் கூரைக்குள் போய்விட்டது. கண்ணாத்தாள் அன்று பேசிய பேச்சில் தெருவில் யாருக்கும் மத்தியானத் தூக்கம் இல்லை. எழில்மொழி வெறுமனே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை மழை சொன்னபடி வந்தது. வானிலைக்காரர்கள் வாக்குத் தவறாத அபூர்வமான நாள் அது. சனிக்கிழமை குடவாசலுக்குப் போகிற வழியில் தலைவரின் வயலைப் பார்த்தாள். பாதிக்கு மேல் படுத்துக் கிடந்தது. சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தவளுக்கு அது வரவில்லை. யார் நெல்லானாலும் தண்ணீரில் கிடப்பதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. நாலு மா தண்ணீரில் கிடந்தபோது அந்த வழியாகப் போன யாருக்கும் இப்படி இருந்திருக்குமா என்றும் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பகலவன் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் இரண்டு போன். ஒன்று அவருடையது, மற்றது அவர் மனைவி குந்தவையுடையது. திங்கட்கிழமை மெஷின் உறுதிதானா என்று பார்க்கக் குந்தவை தன் போனில் வெப்சைட்டைத் திறந்திருக்கிறாள். திறந்துவிட்டு, "ஏங்க, உங்க மூஞ்சிய இதுல காணுமே," என்றிருக்கிறாள்.

நாற்காலியில் உட்காராமலேயே இரண்டு போனையும் நீட்டினார். "இதுல நான் இருக்கேன். இதுல நான் எங்கம்மா?"

மறைத்துப் பயனில்லை. அம்மாவின் நெல் கரையேறிவிட்டது, இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று எழில்மொழி உள்ளதைச் சொன்னாள். "இது விவசாயிங்களுக்குங்க அய்யா. அவங்க போன்ல இப்படித்தான் வரும்."

"அப்ப இது?"

"அது உங்களுக்கு. உங்க பதினோரு பேருக்கு."

பகலவன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தவளுக்கு அவர் உட்கார்ந்த விதம் என்னவோ போல் இருந்தது. படுத்துப்போன நெல்லைப் பற்றி அவர் கேட்கவில்லை. வேறு ஒன்றுதான் அவரைக் குடைந்தது.

"அப்ப ஊருல ஒருத்தரும் என் போட்டோவப் பாக்கலியா?"

"இல்லீங்க."

"டீக்கடைல பாத்தேன்னு சொன்னாங்களேம்மா. சினிமாக்காரன் மாதிரின்னு... பஸ்ஸுல கூட ஒருத்தரு..."

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து கண்ணாத்தாள் காபியோடு வந்தாள். தலைவர் முகம் வாடியிருப்பதைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"போட்டோல இருக்குறதுக்கு நேர்ல எளச்சிப் போயிட்டீங்களே தலைவரே. எம்மாம் நல்லா இருந்தீங்க அதுல."

பகலவன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழில்மொழியைப் பார்த்தார். எழில்மொழி தரையைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவர் குந்தவையின் போனை எடுத்து அந்தப் பச்சைப் பட்டனைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இதுதாம்மா சரி," என்றார். "இது இப்படியே இருக்கட்டும். கூட்டத்துல நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

எழில்மொழிக்கு நம்ப முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. "அப்ப உங்க போன்லயும் இதையே வச்சிடட்டுமா அய்யா?"

எழுந்து வாசல் வரை போனவர் அவசரமாகத் திரும்பினார். தன் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் வேணாம். என் போன்ல அது அப்படியே இருந்துட்டுப் போவட்டும். பட்டன மட்டும் கொஞ்சம் மேல தூக்கி வையி. ஹரிஹரனுக்கு மேல. என் படத்துக்குக் கீழ."